குண்டான் நுழையாத வாசல்

திருச்சி செவ்வந்தி ஃப்ளாட்ஸில் வாசல்கள் சுருங்க ஆரம்பித்தது ஓர் ஆடி மாதம் என்று சொல்கிறார்கள். எந்தத் தேதி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தச் சமயத்தில் யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பால் வந்து வாசலில் கிடக்கும், கத்தரிக்காய் வந்து கிடக்கும், இட்லி மாவும் பிரஷர் மாத்திரையும் வெள்ளிக்கிழமை வெற்றிலையும் போனில் விரலை வைத்த பத்தாவது நிமிஷம் வந்து கிடக்கும். கொண்டுவந்தவர் பையை வைத்து, பையைப் போட்டோ பிடித்து, மணிகூட அடிக்காமல் இறங்கிப் போவார். உள்ளே இருப்பவர் கதவைக் கையளவு திறந்து, பையை இழுத்துக்கொண்டு, சாத்திவிடுவார். இப்படி இருபத்து நாலு வீட்டிலும் கையளவே திறந்து, கையளவே திறந்து, வாசலுக்கும் நமக்கு இவ்வளவு போதும்போல என்று தோன்றிவிட்டதோ என்னவோ, அது நாளுக்கு ஒரு நெல்லளவு உள்ளே வர ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது இரண்டாம் மாடி வேணுகோபால். புது ஃப்ரிட்ஜ் வந்தது, வாசலில் நுழையவில்லை. அளவு தப்பு என்று அவர் கம்பெனியைத் திட்டினார், வாசல் தப்பு என்று கம்பெனிக்காரர்கள் அவரைத் திட்டினார்கள், கடைசியில் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். ஆசாரி டேப்பைப் பிடித்து அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், நிலையைத் தடவினார்.

"நெலை, கதவு, செவுரு எல்லாம் சேந்தே சின்னதாயிருக்கு சார். ஒரு விரிசல் கெடையாது. யாரு செஞ்சானோ, கை சுத்தமான வேலைக்காரன்" என்று மனசாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

வேறு இடமாக இருந்தால் அமளிதுமளிப்பட்டிருக்கும். செவ்வந்தி ஃப்ளாட்ஸில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. சங்கச் செயலாளர் தாமோதரன், 'செவ்வந்தி குடும்பம்' என்ற வாட்ஸப் குழுவில் அவசரக் கூட்டம் போட்டார். யாரும் பதற வேண்டாம் என்றும், பார்சல் தங்குதடையின்றி வந்துகொண்டிருப்பதால் அன்றாட வாழ்க்கைக்குப் பாதிப்பில்லை என்றும், ஒவ்வொரு வீட்டாரும் மாதம் முதல் தேதி தங்கள் வாசலை அளந்து போட்டோவுடன் அனுப்ப வேண்டும் என்றும் தீர்மானம் ஆயிற்று. பத்தொன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள், ஐந்து பேர் கும்பிட்டார்கள். ஆவணியில் கடைக்காரர்கள் 'சிறுவாசல் பேக்கிங்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கட்டில் நாற்பது துண்டாக வந்தது, பூசணிக்காய் பத்தையாக வந்தது. ஆபீஸ் போகிறவர்கள் கொஞ்ச நாள் குனிந்து போனார்கள், பிறகு தவழ்ந்து போனார்கள், பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாமோதரன் வாசல் மட்டும் ஏனோ சுருங்கவே இல்லை. பழைய நாளிலிருந்து சண்டைக்காரர்கள் எல்லாரும் அவர் வாசலில் வந்து நின்றுதான் சண்டை போட்டார்கள், குழாய்க்கும் லிஃப்டுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும், சிலர் தவழ்ந்து வந்துகூட.

மூன்றாம் மாடியில் செண்பகம் என்று ஒருத்தி தனியாக இருந்தாள். அறுபது முடிந்து ஒரு வருஷம். கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றிப் பேசுவதையும் ஊரார் நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. திருச்சி ஜங்ஷனில் விசாரணைக் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடிக்குக் கீழே பிறைவட்டமாக ஒரு திறப்பு. அதில் வாயை வைத்துக் குனிந்து கேட்பார்கள், எந்த வண்டி, எத்தனையாவது மேடை, எவ்வளவு தாமதம், என் பையைப் பார்த்தீர்களா, என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா. கடைசி நாலைந்து வருஷம் யாரும் குனியவில்லை. கவுண்டருக்கு முன்னாலேயே நின்று போனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை. பதில் சொல்லிப் பழகினவளுக்கு, தானாகப் போய் ஒன்றைக் கேட்கத் தெரியாது. அது ஒரு குறைதான்.

எதிர் வீட்டுச் சுலோசனாவும் புருஷன் போனபிறகு தனி. அவளுடைய எவர்சில்வர் குண்டான் ஒன்று செண்பகம் வீட்டில் மூன்று வருஷமாகக் கிடந்தது. பெண் கல்யாணம் முடிந்த மறுநாள் சுலோசனா அதில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல வயிறு பெருத்த குண்டான், விளிம்பில் 'எம். சுலோசனா 12-9-91' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது, அவளுக்குக் கல்யாணம் ஆன தேதி. பாயசம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? ஏதாவது செய்து போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிரசம் செய்யலாம் என்று நினைத்தாள், பாகு பதம் தப்பிவிட்டது. தீபாவளிக்குக் கொடுக்கலாம் என்று இருந்தாள், தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் ஸ்வீட் பெட்டி ஆர்டரில் வந்து இறங்கிவிட்டது. முன்பெல்லாம் சர்க்கரைக்கும் உறை மோருக்கும் கருவேப்பிலைக்கும் ஒரு நாளில் இரண்டு தடவை இந்தக் கதவும் அந்தக் கதவும் திறக்கும், அப்போதாவது பேச்சுவாக்கில் கொடுத்துவிடலாம். இப்போது கருவேப்பிலைகூடப் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது. குண்டான் பரணுக்குப் போயிற்று. நாளாக ஆக அதில் எதைப் போட்டாலும் போதாது என்று ஆகிவிட்டது, அவளைப் பார்க்கவே செண்பகத்துக்கு வெட்கமாகிவிட்டது.

ஐப்பசியில், செண்பகத்தின் வாசல் மார்பளவுக்கு வந்திருந்த நாளில், மீட்டர் கணக்கெடுக்கும் அந்தோணிசாமி குனிந்து எட்டிப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தரும்போது, "அம்மா ஜங்ஷன்ல இருந்தவங்கதானே? விருத்தாசலம் போக சாயங்காலம் எந்த வண்டி தோது?" என்று கேட்டார்.

செண்பகம் வண்டியைச் சொன்னாள், மேடையைச் சொன்னாள், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்று சொன்னாள், அரியலூரில் வண்டி நின்றால் இறங்காமலே வடை வாங்கலாம் என்று சொன்னாள், விருத்தாசலத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தங்கச்சி இருக்கிறாள், அவளோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை, இப்போதுதான் போகிறேன் என்றார் அவர். கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் பால் எடுக்கக் குனிந்த செண்பகத்துக்கு நிலை தலையில் இடிக்கவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தாள், இரண்டு விரற்கடை கூடியிருந்தது.

அவள் நியாயமானவள், தெரிந்ததை மறைக்க மாட்டாள். குழுவில் எழுதினாள்: 'வாசலில் வந்து நின்று ஒருவர் பேசினால் வாசல் விரிகிறது. என் வீட்டில் பார்த்தேன்.' பதினேழு கட்டைவிரல் வந்தது. வீடியோ காலில் பேசினால் போதுமா என்று ஒருவர் கேட்டார். வேணுகோபால் வாசலுக்கு நேரே டிவியை வைத்து நாள் முழுக்க சீரியல் ஓடவிட்டார். வாசல் அசையவில்லை, சீரியல் மட்டும் விளங்கியது என்றார். 'பேச ஆள்' என்று ஒரு செயலி வந்தது, விரலை வைத்தால் ஓர் ஆள் வந்து உங்கள் வாசலில் நின்று பத்து நிமிஷம் நலம் விசாரிப்பார், முடிந்ததும் நட்சத்திரம் கொடுக்க வேண்டும். நாலு வீட்டில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் மரியாதையானவர்கள்தான், சாப்பாடு ஆயிற்றா, தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். வாசல் ஏமாறவில்லை. பிறகு அந்தப் பேச்சும் குழுவில் அடங்கிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு அந்தோணிசாமி வரவில்லை. தானே கணக்கு அனுப்பும் மீட்டரை மாட்டிவிட்டார்கள்.

கார்த்திகை கடைசியில் குழுவில் சுலோசனாவின் செய்தி வந்தது. 'மகளுக்குத் தை இருபதாம் தேதி பிரசவம். புனேவில் துணைக்கு ஆள் இல்லை. நான் போயே ஆக வேண்டும். என் வாசல் முக்கால் சாண்தான் இருக்கிறது. யாராவது நல்ல ஆள் நம்பர் அனுப்புங்கள்.' மூன்று நம்பர் வந்தது, எட்டுக் கும்பிடு வந்தது. இரண்டு பேர் வந்து டிரில்லை வைத்தார்கள். டிரில் குடைந்த இடத்தைச் சுவர் உடனுக்குடன் மூடிக்கொண்டது. அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செண்பகம் அந்தச் செய்தியை நாலு தடவை படித்தாள். சுலோசனாவின் மகள் குழந்தையாக இருந்தபோது இந்த வராந்தாவில்தான் சைக்கிள் ஓட்டி விழுந்தாள், முட்டிக்கு மஞ்சள் வைத்தவள் செண்பகம். மார்கழி முதல் நாள் காலையில், தன் வாசலில் தவழ்ந்து வெளியே வந்து, எதிர் வாசலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு டம்ளர் இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து எந்த முகத்தோடு பேசுவது?

"சுலோ" என்றாள். "சுலோ, ஒரு டம்ளர் சக்கரை இருக்குமா?"

"யாரு?"

"நான்தான். செண்பகம்."

பிறகு குரல் வாசலுக்குப் பக்கத்தில் வந்தது. "ஏங்க்கா, ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல வந்துருமே?"

"வரும். வச்சுட்டுப் போயிரும்."

முக்கால் சாண் வாசலில் ஒரு கை வந்து டம்ளரை வாங்கியது. அந்தக் கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பழைய தீக்காயம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலன்று இருவரும் ஒரே அடுப்பில் பால் வைத்தபோது பட்டது. செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது, அழுதாள்.

"சுலோ, உன் குண்டான் என்கிட்ட இருக்கு."

"தெரியும்க்கா."

"மூணு வருஷமா."

"தெரியும். வெறும் பாத்திரமா குடுக்க மாட்டீங்கன்னும் தெரியும். அதான் நான் கேக்கல. கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிடுமேன்னு இருந்துட்டேன்."

"நான் நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்டி."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றது வாசல். இரண்டு பேரின் மரியாதையும் சேர்ந்து மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டிருந்தது.

அன்று தொடங்கி மார்கழி முழுக்க, கோலம் போட ஆளில்லாத அந்த மூன்றாம் மாடி வராந்தாவில், செண்பகம் ஒரு வாசலுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினாள். புளி விலை, பல்வலி, புனேவில் குளிர் எப்படி இருக்கும், கைக்குழந்தைக்கு வசம்பு சுடலாமா கூடாதா, இறந்துபோன புருஷன் தூக்கத்தில் என்ன உளறுவார், ரயிலைத் தவறவிட்டவர்கள் எப்படி அழுவார்கள், எல்லாம் பேசினாள், சும்மாவும் இருந்தாள், சும்மா இருந்ததற்கும் வாசல் விரிந்தது. ஐந்தாம் நாள் சுலோசனாவின் முகம் தெரிந்தது, தலை முழுக்க வெள்ளையாகியிருந்தது. "டை அடிக்கிறதை விட்டுட்டியா?" "யாரு பாக்கப் போறா?" என்று இருவரும் சிரித்தார்கள். இருபதாம் நாள் சர்க்கரைப் பொங்கல் செய்து குண்டான் நிறையப் போட்டு, எதிர் வாசலில் நீட்டினாள். விளிம்பு உரசிக்கொண்டு, வெட்டின பேர் உரசிக்கொண்டு, குண்டான் உள்ளே போயிற்று. மூன்று வருஷத்துச் சுமை நெஞ்சை விட்டு இறங்கியது.

தன் வாசலைச் செண்பகம் அளக்காமல் இல்லை. ஒவ்வொரு நாளும் எதிர் வீட்டின் முன்னால் போய் உட்காரும்போது அவள் வாசல் ஆளில்லாத வாசலாகத்தானே இருந்தது. வந்து நிற்பவரின் பேச்சு அந்த வாசலைத்தான் விரிக்கும், வந்தவரின் வாசலுக்கு ஒட்டாது. மார்கழி நடுவில் இடுப்பளவு, கடைசியில் முழங்காலளவு, அகலத்தில் ஒரு சாணும் மூன்று விரலும். செண்பகம் ஒல்லி, ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்தால் நுழைந்துவிடுவாள். பூசினாற்போல உடம்புள்ள சுலோசனாவுக்கோ இன்னும் இரண்டு சாண் வேண்டும், நாளோ குறைவு. சுலோ வெளியே வந்ததும் நம் வாசலில் வந்து நிற்பாள், ஊருக்குக் கிளம்புகிறவர்கள் 'வரேன்' என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் வாசலிலேயே நின்று பேசுவார்களே, அந்த அரைமணி நமக்குப் போதும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. சர்க்கரை கேட்க வந்த வாய்க்கு, எனக்காக ஒரு தடவை வந்து நில் என்று கேட்க வரவில்லை.

தை ஐந்தாம் தேதி பதினொரு மணிக்குச் சுலோசனா வெளியே வந்தாள். முதலில் பெட்டி, பிறகு ஒரு கால், பிறகு அவள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். அவள் மீது கற்பூரவல்லியும் தைலமும் கலந்த பழைய வாசனை. உள்ளே திரும்பக் கையை விட்டுக் குண்டானை எடுத்தாள். அதில் ரவா லட்டு இருந்தது, விளிம்புவரை.

"வெறுமனே எப்பிடித் தர்றது. மூணு மாசத்துல வந்து வாங்கிக்கிறேன்க்கா" என்று செண்பகத்தின் வாசலுக்கு முன்னால் வைத்தாள். வைக்கக் குனிந்தபோது அந்த வாசலைப் பார்த்தாள். "என்னக்கா, உங்க வாச..."

போன் அடித்தது. வாடகைக் கார் வந்துவிட்டது, இன்னும் மூன்று நிமிஷம்தான் நிற்பேன் என்றது ஒரு குரல், அது ஆள் குரல்கூட இல்லை.

"நீ கெளம்பு. ரயிலைப் பாரு. நாலாவது பிளாட்பாரம், படிக்கட்டுல ஏறாத, சுரங்கப்பாதையில போ" என்றாள் செண்பகம்.

"உங்க வாசலுக்கு நான்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போயிட்டு வா."

"வரேன்க்கா" என்றாள் சுலோசனா. இரண்டு படி இறங்கி "வரேன்க்கா" என்றாள். திருப்பத்திலிருந்து "வரேன்" என்று குரல் மட்டும் வந்தது. பிறகு வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

செண்பகம் ஒருக்களித்து ஊர்ந்து உள்ளே போனாள். போய்த் திரும்பிக் குண்டானை இழுத்தாள். எப்படிச் சாய்த்தாலும் அதன் வயிறு இடித்தது. சரி, இருக்கட்டும் என்று ஒரு லட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அலுப்பாக இருந்ததால் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நாளை நாலாம் வீட்டு வாசலில் போய் உட்காரலாம், அங்கே ஒரு கைக்குழந்தை அழுகிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கினாள். நாலு மணிக்கு எழுந்து பார்த்தபோது ஒருக்களித்தாலும் முடியாத அளவுக்கு வாசல் வந்திருந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. காப்பி போட்டுக் குடித்தாள்.

தை இருபத்தொன்றில் குழுவில் ஒரு குழந்தையின் படம் வந்தது, பாட்டியின் அதே அகன்ற நெற்றி. இருபத்திரண்டு சிவப்பு இதயம் வந்தது. இருபத்து மூன்றாவதைச் செண்பகம் போட்டாள். தினமும் ஒரு கையை வெளியே நீட்டி, தடவி, ஒரு லட்டு எடுத்தாள். அவள் வாசல் இப்போது சரியாக ஒரு பிறைவட்ட அளவில் இருந்தது. அதற்கு முன்னால் குப்புறப் படுத்தால் குண்டானும், எதிர் வீட்டின் பூட்டும், பை கொண்டுவருகிறவர்களின் செருப்பும் தெரிந்தன. செருப்புகள் நின்றன, குனிந்தன, போயின. தண்ணீர் கேட்பார்களா என்று சொம்பை நிரப்பியே வைத்திருந்தாள்.

மாசியில் ஒரு நாள் காலையில் வேறு செருப்பு வந்தது, தேய்ந்த தோல் செருப்பு. தாமோதரன். படி ஏறி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவர் குண்டானுக்கு முன்னால் நின்றார். செண்பகம் எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி குனிந்து பிறைவட்டத்தில் கண்ணை வைத்தாள். ஆளில்லாத வராந்தாவில் இப்படி ஒரு பாத்திரம் இருந்தால் மனுஷர்கள் கேட்கத்தானே செய்வார்கள். இது யாருது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். சொல்ல அவளிடம் முப்பத்திரண்டு வருஷம் இருந்தது. பாயசத்திலிருந்து ஆரம்பிப்பாள், அரைமணி நேரம் ஆகும்.

க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் கிடந்த அவள் போன் அதிர்ந்தது.

'மூன்றாம் மாடி பொது வழியில் பாத்திரம். யாருடையது? உடனே அகற்றவும்.' அதற்குக் கீழே படம். குண்டான், விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர், அதற்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன இருட்டு, இருட்டுக்குள் மினுங்கும் இரண்டு புள்ளி. அவை தன் கண்கள் என்று தெரிந்துகொள்ளச் செண்பகத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதில்கள் வந்துகொண்டிருந்தன: எங்களுடையது இல்லை. எங்களுடையது இல்லை. எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றி சார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். குப்புறப் படுத்து, பிறைவட்டத்தில் வாயை வைத்து, கவுண்டரில் பேசும் அதே நிதானத்தோடு சொன்னாள்: "அது எதிர் வீட்டுச் சுலோசனாவோடது சார். பேத்தி பொறந்திருக்கு. உள்ள லட்டு இருக்கும், ஒண்ணு எடுத்துக்குங்க."

செருப்புச் சத்தம் அதற்குள் முதல் மாடிக்கு இறங்கியிருந்தது. யாருக்காவது கேட்டிருக்குமோ என்று, அவள் இன்னொரு தடவை சொன்னாள்.